சூடு தெரியாத கால்

1988 ஆடி கடைசி வெள்ளிக்கிழமை. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகும் சாலை முழுக்க ஜனம். மஞ்சள் சேலைகள், வேப்பிலைக் கொத்துகள், அக்கினிச்சட்டிகள், தோளில் பிள்ளைகள். சுமார் எட்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பவே பத்து மணி ஆகிவிட்டது. பாதி வழிக்குள் தார் இளக ஆரம்பித்திருந்தது. நானும் அம்மாவும் ஓரத்து மண்ணில் இறங்கி, நிழல் கண்ட இடத்தில் நின்று, ஈரத் துண்டைக் காலடியில் போட்டு மிதித்து, மறுபடி நடந்தோம். அப்பா மட்டும் நடு ரோட்டில், தார் மேலேயே, வெறுங்காலோடு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஓரமா வாங்க. காலு வெந்துரும்" என்று அம்மா கத்தினாள்.

அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "எனக்குச் சூடே தெரியல. ஆத்தா பாத்துக்கிறா."

முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவி நின்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அப்பாவுக்கு அதற்கு நான்கு வருஷம் முன்பே சுகர் வந்துவிட்டது. கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் அப்பத்தா. கொல்லையில் வேப்பமரத்தடியில் அப்பா ஒதுங்கும் இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, ஒனக்குச் சக்கர வியாதிய்யா" என்றாள். அப்பா நம்பவில்லை. அவர் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கப்பிள்ளை. எங்கள் பக்கம் தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்போம். காலை எட்டு மணிக்குச் சாய்வு மேஜை முன்னால் உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் எழுவார். மூன்று வேளையும் சோறோ இட்லியோ வயிறு நிறைய வேண்டும். இனிப்பு மட்டும் அவருக்குப் பிடிக்காது. "நம்மூரு காரச்சேவுக்குப் பேர்போன ஊரு. நான் காரச்சேவு திங்கிறவன். எனக்கு எப்படி இனிப்பு வியாதி வரும்?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதில் சொல்ல ஊரில் ஆள் இல்லை. இனிப்பைத் தின்றால் இனிப்பு நோய், தின்னாவிட்டால் இல்லை. ஊருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதும், முன்னுக்குத் தள்ளிய தொப்பையும், வம்சத்தில் ஓடும் வழியும் அந்தக் கணக்கில் சேரவில்லை. அப்பத்தாவின் தம்பி முதுகில் ராஜபிளவை வந்து செத்துப்போனவர். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு எங்கள் வீட்டில் ஒரு சின்ன சோதனைக்கூடமே வந்துவிட்டது. கம்பவுண்டர் வாங்கித் தந்த பெனடிக்ட் கரைசல் ஒரு பாட்டில், இரண்டு சோதனைக் குழாய், மரக் கிடுக்கி, ஸ்பிரிட் விளக்கு. ஐந்து மில்லி நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். இது என் வேலை. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் குழாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிறத்தைச் சொல்வேன். பிளஸ் ஒன் போனதும் அது குளுக்கோஸ் தாமிரத்தை ஒடுக்கும் வினை என்று கற்றுக்கொண்டேன். கணையம் தெரியும், இன்சுலின் தெரியும், லாங்கர்ஹான் திட்டுகள் தெரியும். பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தேன்.

நீலம் வந்தால் வீடே சந்தோஷப்படும். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 தாண்டினால்தான் சிறுநீரில் எட்டிப்பார்க்கும். அதற்குக் கீழே இருக்கிற கெடுதலை அந்த நீலம் காட்டாது. இது எனக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து அப்பா கேப்பைக் கூழும் மோரும்தான் குடிப்பார். டாக்டரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும். "நார்மல்னு சொல்லிட்டாரு" என்று வந்து அன்று இரவே மாத்திரையை நிறுத்திவிடுவார். மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். கிட்னியைக் கெடுப்பது ஏறிக் கிடக்கிற சர்க்கரை என்று யாரும் சொல்லவில்லை. சீனியை அறவே விட்டார், அதில் அவருக்கு ஒரு வைராக்கியம். அதற்குப் பதிலாக நாளுக்கு நான்கு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. கருப்பட்டி நாட்டு மருந்து, எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கரும்பிலிருந்து வந்தாலும் பனையிலிருந்து வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சர்க்கரைதான். ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது.

இத்தனையும் இருக்க, அப்பா ஒருமுறை என்னிடம் சொன்னார், "பாப்பா, கொஞ்ச நாளா பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." வேறொரு நாள், "காலுக்குள்ள எறும்பு ஊருது" என்றார். நான் பாயைத் தட்டிப் போட்டேன். எறும்பு இல்லை. அதோடு விட்டுவிட்டேன்.

இருக்கன்குடி போய் வந்த மூன்றாம் நாள், அப்பா நடந்துபோன தரையில் ஈரத் தடம் இருப்பதை அம்மா பார்த்தாள். தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தவள், துணியை முகர்ந்துவிட்டு அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். இடது உள்ளங்காலில் கோழிமுட்டை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. மூன்று நாள் அதை வைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போய்வந்திருக்கிறார். "வலிக்கலையா?" என்று அம்மா கேட்டாள். "வலிச்சாச் சொல்லமாட்டேனா?" என்றார்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டோம். வலி இல்லாததால் அவசரமும் இல்லை. பத்து நாள் கழித்துக் கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பெருவிரல் கறுக்கத் தொடங்கிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு வயதான டாக்டர். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குண்டூசியால் அந்தக் காலை அங்கங்கே தொட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனி, குதிகால், புறங்கால். ஊசி தோலில் அழுந்தியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பக் குத்துவீங்க டாக்டரய்யா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு இருக்கன்குடிச் சாலை ஞாபகம் வந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பி என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். பிறகு படித்த பிள்ளைக்குச் சொல்கிற மாதிரியே பொறுமையாகச் சொன்னார். வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் நரம்பும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற நுண்ணிய குழாய்களும் கெட்டுப்போகும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போகிற நரம்பு. அதனால் முதலில் சாவது காலின் உணர்ச்சி, விரல் நுனியிலிருந்து மேலே, காலுறை போட்டதுபோல ஏறிவரும். முதலில் எரிச்சல், குறுகுறுப்பு, பஞ்சு மேல் நடப்பதுபோல ஒரு மதமதப்பு. பிறகு ஒன்றும் இல்லை. முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. பெரிய ரத்தக் குழாய்களும் அடைத்துக்கொண்டிருந்தால் வந்த புண்ணும் ஆறாது. "வலி நின்னு போச்சுன்னா நல்லாயிடுச்சுன்னு நினைச்சுக்கிறாங்கம்மா" என்றார்.

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதி. தீபாவளிக்கு முந்தின வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. வார்டில் இன்சுலின் போட ஆரம்பித்ததும் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இன்சுலின் ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று ஒரு நம்பிக்கை. அந்த ஊசிதான் அப்பாவைப் பிழைக்கவைத்தது.

மிச்சமிருந்த வலது காலுக்கு ஒரு செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர். உள்ளங்காலின் எந்த ஓர் இடத்திலும் பாரம் குவியாமல் பரப்பிவிடும். அப்பா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் ஊரில் அந்தச் செருப்பைத் தொழுநோய் வந்தவர்கள் காலில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். "காலும் போயி, இந்தப் பேரும் வேணுமா எனக்கு?" என்றார். நானும் அம்மாவும் கெஞ்சிப் பார்த்தோம். கடைசியில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர், அந்த ரப்பர் வெளியே தெரியாதபடி சுற்றிலும் தோல் வைத்துத் தைத்து, பார்வைக்குச் சாதாரணச் செருப்பாக ஆக்கித் தந்தார். காசு வாங்கவில்லை. அதை அப்பா போட்டுக்கொண்டார்.

அந்தச் செருப்பின் கதையை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். உணர்ச்சி செத்த விரலில் வெட்டும் சூடும் பட்டு, பட்டது தெரியாமலேயே மேலும் மேலும் பட்டுத்தான் அவை அழிகின்றன. நோயாளிகளின் கால்களைக் காக்க ஏற்ற செருப்பைத் தேடி அவரும் அவரோடு இருந்தவர்களும் வேலூரில் பாடுபட்டார்கள். அதன் பலன்தான் இந்த ரப்பர். அதன் பிறகு அமெரிக்கா போன பிராண்ட், அங்கே நீரிழிவுக்காரர்களின் கால்புண்ணிலும் இதே உண்மையைக் கண்டார். சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கியது 1954-ல். வேலூருக்கும் இராயபுரத்துக்கும் தெரிந்திருந்தது முப்பது வருஷம் கழித்தும் சாத்தூருக்கு வந்து சேரவில்லை. அப்பாவின் காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அறிவு எங்கோ வெளிநாட்டில் இருக்கவில்லை, எங்கள் மாநிலத்திலேயே இருந்தது. இதை என்னால் இன்னும் ஆறப்போட முடியவில்லை.

மதுரை டாக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். தினமும் ராத்திரி அப்பாவின் வலது உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெனடிக்ட் பாட்டில் இருந்த அலமாரியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வந்து உட்கார்ந்தது. நான் இல்லாத நாளில் அப்பா தானே தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ள. சிவந்திருக்கிறதா, வெடிப்பா, ஆணியா, விரலிடுக்கில் ஈரமா. ஆணியை பிளேடால் சீவக் கூடாது. வெந்நீரில் கால் வைக்கும் முன் வேறொருவர் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. வீட்டுக்குள் செருப்பா என்று அப்பத்தா முதலில் முறைத்தாள், பிறகு அவளே எடுத்து வைப்பாள். எனக்குக் கல்யாணமாகும்வரை நான் பார்த்தேன். அதன் பிறகு அம்மா.

அப்பா 1997-ல் காலமானார். கண்ணும் மங்கி, சிறுநீரகமும் பழுதாகித்தான் போனார். ஆனால் ஒன்பது வருஷம் அந்த வலது காலில் ஒரு புண்கூட வரவில்லை. அதே உடம்பு, அதே சர்க்கரை, அதே உணர்ச்சியற்ற கால். அந்தச் செருப்பும், தினமும் ஒருவர் பார்த்தார் என்பதும்தான் வித்தியாசம்.

நான் அறிவியல் ஆசிரியை ஆனேன். எங்கள் வீட்டு அறியாமை எங்களுக்கு மட்டும் சொந்தமா என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. சென்னையில் 26,001 பேரைக் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2005-ல் வெளியாகியிருந்தது. நீரிழிவு என்று ஒரு நோய் இருப்பது தெரியும் என்றவர்கள் நூற்றுக்கு 75 பேருக்குச் சற்று மேல். அதனால் மற்ற உறுப்புகளுக்குக் கேடு வரும் என்று தெரிந்தவர்கள் 19 பேர்தான். உடல் பருமனும் உழைப்பில்லாமல் உட்கார்ந்திருப்பதும் அதைக் கொண்டுவரும் என்று சொன்னவர்கள் 12 பேருக்கும் குறைவு. பெரிய ஆஸ்பத்திரிகள் இத்தனை இருக்கிற சென்னையிலேயே இப்படி. நோயின் பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது, அது என்ன செய்யும் என்பது சேரவில்லை. 2023-ல் வந்த நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். அத்தனை பேருக்கும் பாகற்காய்ச் சாறு தெரியும், ஆவாரம்பூத் தெரியும், ஊறவைத்த வெந்தயம் தெரியும். தங்கள் உள்ளங்காலை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

2011-ல் எனக்கும் வந்தது. வெறும் வயிற்றில் 148. எதிர்பார்த்ததுதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இப்போது இருக்கிறது. அப்பாவைப்போல இரண்டு நாள் கூழ் குடித்து யாரையும் நம்பவைக்க முடியாது, நான் விரும்பவும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், நடக்கிறேன், சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த டாக்டர்களில் என் காலைத் தாங்களாகவே தொட்டுப் பார்த்தவர்கள் இரண்டே பேர். நம் ஊரில் செருப்பைக் கிளினிக் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். கால் வெறுங்காலாகவே டாக்டர் முன்னால் இருக்கிறது. குனிந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஒரு நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் வைத்து அழுத்தினால் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பார்கள். கூட்டம் உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. இப்போது நானே கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் தோளில் பையோடு வருகிறாள். வாசலில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்க்கிறாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறாள், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒருத்தி வந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அவளை உட்காரவைத்து அப்பாவின் கதையைச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவரைக் காலை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசு ஒரு திட்டமே வைத்திருக்கிறது. அது ஒவ்வொரு தெருவுக்கும் வர வேண்டும்.

நவம்பர் 14 குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரடெரிக் பான்டிங் பிறந்ததும் அதே தேதிதான், அதனால் அது உலக நீரிழிவு நாளும். பள்ளியில் அன்று மிட்டாய் கொடுத்த பிறகு நான் பேசுவேன். 1922 ஜனவரியில் டொராண்டோவில் சாகக் கிடந்த லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டுப் பிழைக்கவைத்த கதையைச் சொல்வேன். ஊசிக்குப் பயப்படுகிற பாட்டியிடம் போய் அதைச் சொல்லுங்கள் என்பேன். பிறகு ஒரு வீட்டுப்பாடம். சுகர் உள்ள தாத்தா பாட்டியின் உள்ளங்காலை இன்று இரவு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சில வருஷம் முன்பு, மறுநாள் காலையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், எங்க ஆச்சி குதிகால்ல ஆணி ஏறி இருந்துச்சு. மரம் அடிக்கிற ஆணி. ஆச்சிக்கே தெரியல." செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது. எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். புண் ஆற ஆறு வாரம் ஆனது. கால் இருக்கிறது. அந்த ஆச்சி இப்போதும் பேத்தியைப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து கூட்டிப்போகிறாள்.

ஆடி மாதம் வந்தால் சாத்தூர்ச் சாலை மறுபடி நிறையும். நடப்பவர்களை நடக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அம்மா இருந்தவரை அவளோடு நானும் போனேன். உங்கள் வீட்டில் சுகர் உள்ளவர் நேர்த்திக்கடனுக்கு நடப்பதாக இருந்தால், விடிவதற்குள் போய்ச்சேருகிற மாதிரி இருட்டோடு கிளப்பிக் கூட்டிப்போங்கள். செருப்புப் போட்டு நடந்து, கோயில் எல்லையில் கழற்றச் சொல்லுங்கள். வெயிலில் எல்லோரும் துடிக்கிறபோது அவர் மட்டும் சூடே தெரியவில்லை என்று சொன்னால், அங்கேயே உட்காரவையுங்கள். காலைத் தூக்கிப் பாருங்கள். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.